ஞாயிறுகளில் பொய் சொல்லாதவர்

"நீங்கள் வெல்லுவியள்" என்ற இரண்டு சொல்லை அவர் ஒரு கிழமைக்குள் எத்தனை வீட்டில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. திங்கள் தொடக்கம் சனி வரை அதுதான் அவருக்குத் தொழில். தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டதும் அவருடைய சைக்கிள் மானிப்பாயிலிருந்து புறப்படும். ஒரு வேட்பாளருக்குத் துண்டுப்பிரசுரம் எழுதிக் கொடுப்பார். இன்னொருவருக்கு எந்தச் செத்தவீட்டுக்கு முதலில் போகவேண்டும், எந்தக் கலியாணவீட்டில் முன் கதிரையில் இருக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுப்பார். மூன்றாமவருக்கு மேடையில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று பழக்குவார். மூன்று பேரும் ஒரே வட்டாரத்தில் ஒருவருக்கொருவர் எதிராக நிற்பவர்களாகவும் இருக்கலாம். அதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை.

பத்திரிகைகளில் அவரை 'அரசியல் ஆய்வாளர்' என்று போடுவார்கள். யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணிக் கடை ஒன்றில் நாலு பேர் இருந்தால் அதில் மூன்று பேர் அரசியல் ஆய்வாளர்கள்தான். ஆனால் ஆலோசனை கேட்டு ஆட்கள் வீடு தேடிப் போனது இவர் ஒருவரிடம் மட்டும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவர் எங்கள் வானொலிக்கு வருவார். யாழ்ப்பாண நகரத்தில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சிறிய தனியார் வானொலி அது. நான் அங்கே அறிவிப்பாளர். அவருக்கு எதிரே இருந்து கேள்வி கேட்பது என் வேலை. ஆறு வருடம் கேட்டேன். கிழமை முழுவதும் வாய் கூசாமல் பொய் சொல்லும் இந்த மனிதருக்கு மைக்குக்கு முன்னால் வந்து இருந்தால் ஒரு பொய்யும் வராது என்பதை நான் இரண்டாவது மாதத்திலேயே கண்டுகொண்டேன். கண்டுகொள்ள வைத்தவர் நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் ஒருவர்.

அந்த வாழைத்தோட்டக்காரர் சுயேச்சையாகப் பிரதேச சபைத் தேர்தலில் நின்றார். அவருடைய குழுவுக்குக் கிடைத்த சின்னம் கத்தரிக்கோல். மனிதர் உற்சாகத்தில் ஒரு பெரிய தையற்காரக் கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போகத் தொடங்கிவிட்டார். சனம் வாசல் படலையைத் திறக்கவில்லை. அப்போதுதான் எங்கள் ஆய்வாளரைக் கூப்பிட்டார்கள். அவர் போய்க் கத்தரிக்கோலை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கடதாசியில் வெட்டிய சின்னக் கத்தரிக்கோல்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். அது நல்ல ஆலோசனைதான். அதன் பிறகு படலைகள் திறந்தன.

அந்த ஞாயிறு நான் வழக்கம்போலக் கேட்டேன்: "நீர்வேலிப் பக்கம் நிலைமை என்ன மாதிரி அண்ணை?"

"கத்தரிக்கோல் தோக்கும்," என்றார். மூச்சு விடக்கூட நிற்கவில்லை. "நல்ல பெடியன். ஆனால் தோப்பான்."

ஒரு நிமிடத்துக்குள் நேயர் அழைப்பு வந்தது.

"வணக்கம், ஆர் கதைக்கிறது?"

"நீர்வேலியிலையிருந்து கத்தரிக்கோல் கதைக்கிறன்."

எனக்கு வேர்த்துவிட்டது. ஆய்வாளர் அசையவில்லை. "சொல்லுங்கோ தம்பி," என்றார்.

"அண்ணை, நேற்றுப் பின்னேரம் என்ரை வீட்டிலை இருந்து தோசை திண்டுகொண்டு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வெல்லுவியள் எண்டு சொன்னனான்."

"இப்ப என்ன சொல்லுறியள்?"

"தோப்பியள் எண்டு சொல்லுறன்."

"ஒரு ராவுக்குள்ளை என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லைத் தம்பி. நேற்றும் தோக்கிற நிலைமைதான். உங்கடை அம்மா அடுப்படியிலை தோசை சுட்டுக்கொண்டு நிண்டவ. அவ கேக்க எப்பிடிச் சொல்லுறது?"

"இப்பவும் அவ பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா."

"அம்மா, தோசை நல்லாயிருந்தது," என்றார் ஆய்வாளர் மைக்கைப் பார்த்து. அதுவும் உண்மையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்து படியில் இறங்கும்போது கேட்டேன், "ஏன் அண்ணை உப்பிடிச் செய்தனீங்கள்? கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லியிருக்கலாமே?"

அவர் படியில் நின்று யோசித்தார். "பிள்ளை, ஒரு வீட்டிலை பொய் சொன்னால் அந்த வீடு மட்டும்தான் ஏமாறும். பேந்து போய்ச் சமாளிக்கலாம். இந்த மைக்கிலை சொன்னால் ஆர் ஆர் கேட்டவை எண்டே எனக்குத் தெரியாது. ஆரிட்டைப் போய்ச் சமாளிக்கிறது?"

கத்தரிக்கோல் தோற்றது. ஒரு கிழமை கழித்து வானொலிக்கு ஒரு குலை கதலி வாழைப்பழம் வந்தது. அடுத்த தேர்தலுக்கு அந்தத் தோட்டக்காரர் மறுபடி நின்றார். மறுபடி இவரிடமே வந்தார். "ஊரிலை நூறு பேர் வெல்லுவாய் எண்டவை, ஒராள்தான் தோப்பாய் எண்டது. அந்த ஆளிட்டைத்தானே யோசனை கேக்கவேணும்?" என்றாராம். எல்லாரும் அப்படித்தான். ஞாயிறு கோபித்துக்கொண்டு போவார்கள், தோற்ற பிறகு திரும்பி வருவார்கள்.

கொழும்புத்துறையில் நடந்ததையும் சொல்லவேண்டும். அங்கே ஒரு கட்சி வேட்பாளர், பட்டு வேட்டிக்காரர், கடற்றொழிலாளர்களைச் சந்திக்கப் போனார். "தோணியிலை மட்டும் ஏறிப்போடாதேங்கோ" என்று ஆய்வாளர் முதல்நாளே சொல்லியிருந்தார். வேட்பாளர் கேட்கவில்லை. படம் எடுக்கக் கூட வந்தவர்கள் ஏறச் சொன்னார்கள். ஏறினார். கடல் அந்த இடத்தில் முழங்கால் அளவுதான், ஆனால் அடியில் சேறு. ஒரு கால் தோணியில், மற்றக் கால் சேற்றில், வேட்டி இரண்டுக்கும் நடுவில். நாலு பெண்கள் வலையை விட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினார்கள்.

அந்தக் கட்சிக்காரர்கள் ஆய்வாளரைக் கெஞ்சினார்கள்: "ஞாயிறு உதைப்பற்றி ஒண்டும் கதைச்சுப்போடாதேங்கோ." அவர் சரி என்றார். அது சனிக்கிழமை. மறுநாள் ஒரு நேயர் கேட்டார். ஆய்வாளர் கண்ணை மூடினார்.

"விழுந்தவர்தான்," என்றார். "ஆனால் ஒண்டு சொல்லவேணும். இந்தத் தேர்தலிலை அவர் சனத்துக்குக் கிட்டப் போனது அந்த ஒரு நேரம்தான்."

அவருக்கு நல்ல காலமும் ஒன்று வந்தது. கொழும்பில் செல்வாக்குள்ள ஒருவர் வடக்குக்கு ஓர் ஆலோசகர் தேடினார். வாகனம், சாரதி, நகரத்தில் மேசை கதிரையோடு ஒரு கந்தோர் எல்லாம் கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை, ஞாயிறு நிகழ்ச்சிக்குப் போகக்கூடாது. மூன்று ஞாயிறு அவர் வரவில்லை. தொண்டை சரியில்லை என்று அறிவித்தல் கொடுத்தோம். வேறு ஒருவரை வைத்து நடத்தினோம். அவர் எதைக் கேட்டாலும் 'பொறுத்திருந்து பார்க்கவேண்டும்' என்றார். நாலாவது ஞாயிறு காலை படியில் பழைய செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னண்டு அண்ணை?"

"நல்ல வாகனம் பிள்ளை. உள்ளை குளிர். ஆனால் ஞாயிறு எட்டு மணியானால் எனக்கு நெஞ்சுக்குள்ளை ஏதோ செய்யுது."

அன்று மாகாணசபைத் தேர்தல் இந்த வருடம் நடக்குமா என்று கேட்டேன். "நடக்காது. நடத்தப்போறம் எண்டு சொல்லுறவருக்கும் அது தெரியும். எனக்குச் சொன்னவர்," என்றார். சொன்னவர் வாகனம் கொடுத்தவர். திங்கட்கிழமை வாகனம் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றதாக யாரோ சொன்னார்கள்.

இனி அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மானிப்பாய்ப் பக்கத்தில், வீடு வீடாகப் போய்த் தாய் பிள்ளைகளைப் பார்க்கும் குடும்பநல மாதுவாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதியை அவர் தராசில் நிறுத்திருப்பார். பிள்ளைக்கு நிறை காணாவிட்டால், ஊசிக்கு ஒருநாள் பிந்தினால், அக்கா படலையில் நின்று ஏசத் தொடங்குவார். அந்த ஏச்சுக்குப் பயந்து சில தாய்மார் அவருடைய சைக்கிள் மணி கேட்டதும் பின்வளவால் போய்விடுவார்களாம்.

பிரதேச சபைத் தேர்தல் மறுபடி வந்தது. வேட்பாளர் பட்டியலில் குறித்த அளவு பெண்கள் இருக்கவேண்டும் என்பது சட்டம். கட்சிகளும் குழுக்களும் பெண்களைத் தேடி ஊரெல்லாம் அலைந்தன. ஒரு சுயேச்சைக் குழுக்காரர் ஆய்வாளர் வீட்டுக்கு வந்து, "அண்ணை, உங்கடை வட்டாரத்திலை நிக்கிறதுக்கு ஒரு பொம்பிளை சொல்லுங்கோ. வெல்லவேணுமெண்டில்லை, பேரைத் தந்தால் காணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா தட்டத்தை மேசையில் வைத்தார்.

"நான் நிக்கிறன்," என்றார்.

ஆய்வாளருக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. பிறகு அவரே அதை எனக்குச் சொன்னார்.

அக்கா அவருக்கு ஒரேயொரு கட்டளை போட்டார்: தன்னுடைய வட்டாரத்தைப் பற்றி அவர் வானொலியில் வாய் திறக்கக்கூடாது. அவரும் நிகழ்ச்சிக்கு முன்னால் என்னிடம் வந்து, "பிள்ளை, மானிப்பாயைத் தவிர வேறை எதையும் கேள்" என்று கெஞ்சினார். நான் மானிப்பாயைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் தேர்தலுக்கு இரண்டு கிழமை இருக்க ஒரு நேயர் கேட்டுவிட்டார்.

"ஐயா, உங்கடை மனுசி வெல்லுவாவோ?"

நான் பாட்டைப் போடவா என்று சைகை காட்டினேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"தோப்பா," என்றார். "அந்த வட்டாரத்திலை அவவிட்டை ஏச்சு வாங்காத தாய் ஒருத்தியும் இல்லை. ஆரும் ஏசினதை மறக்கமாட்டினம். மறைப்புக்குள்ளை போய் வாக்குச்சீட்டிலை புள்ளடி போடேக்கை அதுதான் ஞாபகம் வரும்."

அடுத்த அழைப்பு ஒரு பெண்ணுடையது. பெயர் சொல்லவில்லை.

"ஓம், ஏசினவதான். மழைக்குள்ளை வந்து நிண்டு ஏசினவ. ஏசினபடியால்தான் என்ரை மூண்டும் இண்டைக்கு உயிரோடை இருக்குது. நீர் உம்மடை வேலையைப் பாரும்!"

அதன் பிறகு தொலைபேசி ஓயவில்லை. எல்லாம் பெண்கள். எல்லாரும் அக்காவிடம் வாங்கிய ஏச்சைப் பெருமையாகச் சொன்னார்கள். ஒருத்தி ஏச்சைச் சொல்லுக்குச் சொல் அப்படியே ஒப்புவித்தாள். ஆய்வாளர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்பதை நான் அன்றுதான் முதல்முறை கண்டேன்.

மறுகிழமை கேட்டேன், "வீட்டிலை என்ன அண்ணை நடந்தது?"

"ஒண்டும் சொல்லேல்லை. சாப்பாட்டை மேசையிலை வைச்சா. கோப்பைக்குப் பக்கத்திலை றேடியோவையும் வைச்சா. 'உதோடை கதைச்சுக்கொண்டு சாப்பிடுங்கோ' எண்டுபோட்டு எழும்பிப் போட்டா."

தேர்தல் நாள் வந்தது. காலையிலிருந்து மாலை வரை சிறப்பு ஒலிபரப்பு. காலையில் எங்கள் முகாமையாளர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "வாக்குப் போடப் போறவையை ஒருத்தரும் மறிக்கப்படாது. வானொலி ஒராளை வாக்குப் போட விடேல்லை எண்டு ஒரு கதை வெளியிலை வந்தால், மறிச்ச ஆளுக்கு இஞ்சை வேலை இல்லை."

ஆய்வாளர் ஏழு மணிக்கு வந்துவிட்டார். வாக்களிப்பு மாலை நாலு மணிவரை. மத்தியானம் போய் மானிப்பாயில் வாக்கைப் போட்டுவிட்டு வருவதாகத் திட்டம். மத்தியானம் வரவேண்டிய மற்ற ஆய்வாளர் வரவில்லை. "இன்னும் ஒரு அரை மணித்தியாலம் அண்ணை," என்றேன். இருந்தார். இரண்டரைக்குப் பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. அவர் எழும்பினார். எனக்கு மாலை நிகழ்ச்சிக்கு ஒரு சின்னப் பேச்சுத் துண்டு தேவைப்பட்டது. "ஒரு அஞ்சு நிமிசம். பதிவு செய்துபோட்டுப் போங்கோ." பதிவு செய்தோம். இடையில் கரகரப்பு வந்தது. மறுபடி செய்தோம். நான் கேட்ட தலைப்பை இப்போது சொல்ல வெட்கமாயிருக்கிறது: 'ஒரு வாக்கின் பெறுமதி'.

அவரை விட்டபோது மூன்றரை தாண்டிவிட்டது. ஓட்டோ பிடித்துக் கொடுத்தேன்.

பின்னேரம் ஐந்தரைக்குத் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. வாக்குச்சாவடிப் பாடசாலை வாசலில் பொலிஸ்காரர் படலையைச் சாத்திக்கொண்டு நின்றாராம்.

"நான் அவரிட்டைச் சொன்னன் பிள்ளை, காலமை தொடக்கம் சனத்தை வாக்குப் போடச் சொல்லிக் கத்தினது நான்தான் எண்டு. 'ஓம் ஐயா, நானும் கேட்டனான். அதைக் கேட்டுத்தான் சனமெல்லாம் நேரத்தோடை வந்து போட்டிட்டுப் போட்டுது' எண்டார்."

எனக்கு அழுகை வந்தது. "நான்தான் அண்ணை..." என்று தொடங்கினேன்.

"விடு. ஒரு வாக்காலை என்ன வந்திடப்போகுது? அவ வெண்டாலும் நூறு வாக்காலை வெல்லுவா, தோத்தாலும் நூறு வாக்காலை தோப்பா." அது கிழமை நாள் பேச்சு. மைக் மூடியிருந்தது. பிறகு என்னுடைய பேனையை வாங்கி இடக்கைச் சின்னவிரல் நகத்தில் மை பூசத் தொடங்கினார்.

"நீலமாயிருக்கு அண்ணை. வாக்குச்சாவடியிலை பூசுறது ஊதாவெல்லோ?"

"கண்ணாடி போடாமல் அவவுக்கு நிறம் தெரியாது."

ஏழரை மணிபோல வாக்கெண்ணும் மண்டபத்திலிருந்து எங்கள் செய்தியாளரின் அழைப்பு வந்தது. மானிப்பாயில் அக்காவுக்கும் ஒரு கட்சிக்காரப் பெடியனுக்கும் சரிசமமான வாக்கு. திரும்பவும் எண்ணினார்கள். அதே எண்ணிக்கை. சட்டப்படி, முடிவை அறிவிக்கும் தெரிவத்தாட்சி அலுவலர் இரண்டு துண்டில் இரண்டு பெயரை எழுதி, மடித்து, ஒரு பெட்டிக்குள் போட்டுக் குலுக்கினார். எடுத்த துண்டில் பெடியனின் பெயர் இருந்தது. அவன் அக்கா நிறுத்து வளர்ந்த பிள்ளை. அக்கா அவனுடைய கையைப் பிடித்து, "வடிவாய் வேலை செய். செய்யாட்டில் படலைக்கு வருவன்" என்றாராம்.

இதை நான் நேரடியாக ஒலிபரப்பில் அறிவித்தேன். வேறு வழியில்லை. எதிரே அவர் இருந்தார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே முகாமையாளர் நின்றார். அறிவித்துவிட்டு, "அண்ணை..." என்றேன். மேலே கேள்வி வரவில்லை.

அவரும் பேசவில்லை. வானொலியில் ஐந்து நொடி சத்தமில்லாமல் இருந்தால் சனம் பெட்டியைத் தட்டிப் பார்க்கும். பத்து நொடி போயிருக்கும்.

"ஒரு வாக்குக் குறைஞ்சு போச்சு," என்றார். "அது என்ரை வாக்கு. நான் போடேல்லை."

இந்த மனிதரை எனக்குத் தெரியும். தோசை சுட்ட தாய்க்கும், வாகனம் கொடுத்தவருக்கும், சொந்த மனைவிக்கும் தாட்சண்யம் பார்க்காதவர். அடுத்த வசனம், 'எதிரை இருக்கிற இந்தப் பிள்ளைதான் விடேல்லை' என்பதாகத்தான் இருக்கமுடியும். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் என் சம்பளத்தை நம்பி அம்மாவும் தங்கச்சியும் இருந்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இஞ்சை வானொலியிலை நேரத்துக்கே விட்டவை," என்றார். "மானிப்பாய் பஸ்ஸிலை ஏறினனான். காலமை வெள்ளண எழும்பின களை. பஸ்ஸிலை நித்திரை கொண்டிட்டன். மானிப்பாய் தாண்டி சண்டிலிப்பாயிலைதான் முழிச்சனான். திரும்பி வரப் படலை பூட்டிட்டுது."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. நான் பாட்டைப் போட்டேன். எந்தப் பாட்டு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பதிவு செய்து வைத்த துண்டை ஒருவரும் கேட்கும் முன்பே அழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மானிப்பாய் பஸ்ஸில் ஏறினால் நடத்துனர், "ஐயா, மானிப்பாய் வருகுது, முழிப்பாய் இருங்கோ" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவார். சந்தையில் மீன் விற்கிறவர், "அண்ணை, நித்திரை முறிஞ்சுதோ?" என்பார். முகநூலில் பஸ் யன்னலில் தலைசாய்த்துத் தூங்கும் ஆளொருவரின் படத்துக்கு இவருடைய முகத்தை ஒட்டிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவர் பல்லைக் காட்டிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு அவர் மேலே ஏறி வரவில்லை. கீழே புடவைக்கடை வாசலில் சைக்கிளோடு நின்று என்னைக் கூப்பிட்டார்.

"முகாமையாளரிட்டைச் சொல்லு பிள்ளை. இனி நான் வரேல்லை."

"என்னாலைதானே அண்ணை?"

"உன்னாலை இல்லை. உந்த மைக்கிலை ஒரு பொய் சொல்லிப்போட்டன். கஷ்டமாயிருக்கும் எண்டு நினைச்சன். ஆனால் லேசா வந்திட்டுது. அதுதான் பயமாக்கிடக்கு." சைக்கிளைத் திருப்பினார். "இனி நான் என்ன சொன்னாலும் உண்மையோ பொய்யோ எண்டு எனக்கே சந்தேகம் வரும்."

ஆறு வருடம் எதிரே இருந்த கதிரை. அதில் பொறுத்திருந்து பார்க்கிறவர் வந்து இருந்தார். இரண்டு ஞாயிறு தாங்கினேன். மூன்றாவது ஞாயிறு நிகழ்ச்சி முடிந்ததும் மானிப்பாய் பஸ்ஸில் ஏறினேன்.

அக்கா முற்றத்தில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆய்வாளர் மீன் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். அது வசதியாகப் போயிற்று. நான் கதிரையில் இருக்கவும் இல்லை, நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு அவர் பஸ்ஸிலை நித்திரை கொள்ளேல்லை. ஒரு பதிவு செய்ய அஞ்சு நிமிசம் எண்டு சொல்லி, மூண்டரை மட்டும் நான்தான் மறிச்சு வைச்சனான். என்ரை வேலை போகாமல் இருக்கத்தான் அவர் அப்பிடிச் சொன்னவர்."

அக்கா ஒரு ஈர்க்கை உருவி இலையைச் சுளகில் உதிர்த்தார்.

"அவர் நித்திரை கொள்ளேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"பஸ்ஸிலை பக்கத்திலை ஒராள் இருந்தால் அந்த மனுசன் கதைக்காமல் நித்திரை கொள்ளுமே?" இன்னொரு ஈர்க்கை எடுத்தார். "மற்றது, முப்பத்தொரு வருசமா அவர் எனக்குப் பொய் சொல்லுறவர். மீன் நல்ல மீன் எண்டுவார், சைக்கிளாலை விழேல்லை எண்டுவார். அவருக்கு வீட்டிலை ஒரு குரல், றேடியோவிலை ஒரு குரல். அண்டைக்கு றேடியோவிலை வீட்டுக்குரல் கேட்டுது. விரலிலை வேறை நீல மை. ஆரையோ காப்பாத்துறார் எண்டு விளங்கினது. ஆர் எண்டுதான் தெரியாமல் இருந்தது."

"அவரிட்டைக் கேக்கேல்லையோ?"

"ஏன் கேப்பான்? அவர் சொன்ன பொய்யளுக்கை அது ஒண்டுதான் உருப்படியான பொய். அதைப் பிடிச்சு வெக்கப்படுத்தவோ?"

"என்னிலை கோவமில்லையோ அக்கா?"

"ஏன் இல்லை? இருக்கு. இரு, அவர் வரமுதல் ஏசி முடிக்கிறன்."

சொன்னபடி ஏசினார். முருங்கையிலையைக் கீழே வைத்துவிட்டு, எழும்பி நின்று, இடுப்பில் கையை ஊன்றிப் பத்து நிமிடம் ஏசினார். ஐந்து நிமிடம் என்றால் எத்தனை நிமிடம் என்று கேட்டார். பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தவன் தொடக்கம் என் முகாமையாளர் வரை ஒருவரையும் விடவில்லை. தான் வாக்குக் கேட்டு நடந்த படலைகளை எண்ணிச் சொன்னபோது மட்டும் குரல் ஒருமுறை உடைந்தது. உடனே சரி செய்துகொண்டு மறுபடி ஏசினார். தொலைபேசியில் அந்தப் பெண்கள் ஏன் பெருமையாகச் சொன்னார்கள் என்று எனக்கு அப்போது விளங்கியது. முடிந்ததும் ஒரு பெரிய கோப்பையில் தேத்தண்ணி தந்தார். அடுத்தமுறையும் நிற்கப்போவதாகச் சொன்னார்.

படலையில் சைக்கிள் மணி கேட்டது. ஆய்வாளர் மீன் பையோடு உள்ளே வந்தார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, இந்தப் பிள்ளை சும்மா எங்களைப் பாத்திட்டுப் போக வந்தது," என்றார் அக்கா, மீன் பையை வாங்கியபடி. "இது என்ன மீன்? நல்ல மீனோ?"

"நல்ல மீன்," என்றார் அவர்.

அக்கா பையைத் திறந்து மணந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

புறப்படும்போது அவர் என்னோடு தெருவரை வந்தார். படலைக்கு வெளியே வந்ததும் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பஸ் விசயம், அவ ஏதும் கேட்டவவோ?"

"இல்லை அண்ணை."

"நீ ஒண்டும் சொல்லேல்லையே?"

"சொல்லேல்லை."

அவருக்குப் பெரிய நிம்மதி. என் தோளில் தட்டினார்.

"சொல்லிப்போடாதை. அவ பாவம் பிள்ளை. எதைச் சொன்னாலும் நம்பிப்போடுவா."